ஐந்தாவது ஃபவுல்

ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு வயது. பன்னிரண்டு வருடங்களாகக் கூடைப்பந்துதான் அவளுக்குப் பிழைப்பு. மற்றவர்கள் கை எட்டாத உயரத்துக்கு எம்பிப் பந்தைப் போடுவாள். அதற்காகவே கூட்டம் வரும்.

போன வருடம் எம்பி இறங்கும்போது இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன். பதினோரு மாத ஓய்வு.

திரும்பி வந்தபோது அணிக்குப் புதுக் கோச் வந்திருந்தாள். தில்ஷாத். ஜெசிந்தாவைவிட இரண்டு வயது இளையவள். ஆறு வருடம் ஜெசிந்தாவுக்கு மாற்று ஆட்டக்காரியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்.

“கோச், நான் மறுபடி பழைய மாதிரி ஆடுவேனா?” என்று முதல் நாளே கேட்டாள் ஜெசிந்தா.

“என்னைப் போய் கோச்ங்கறீங்களேக்கா.”

“இப்ப நீ கோச்தானே? சொல்லு.”

தில்ஷாத் ஒரு பந்தை எடுத்து அவளிடம் எறிந்தாள்.

ஜெசிந்தா எம்பினாள். பழைய உயரத்தில் பாதிகூட வரவில்லை. அதைவிட மோசம், யாராவது பக்கத்தில் வந்தாலே கால் தானாக ஒதுங்கியது. இன்னொரு தடவை விழுந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கோவையில் போட்டி. இறுதியாட்டம் வரை அவள் ஒரு நிமிடம்கூடக் களம் இறங்கவில்லை. இறுதியாட்டத்தன்று காலை தில்ஷாத்தின் அறைக்குப் போனாள்.

“நான் விலகிக்கறேன்.”

“சரிக்கா. இன்னிக்கு ஒரே ஒரு வேலை செஞ்சுட்டுப் போங்க. என் பக்கத்துல உட்கார்ந்து அந்த நெட்டைப் பொண்ணை மட்டும் பாருங்க. பந்தைப் பார்க்க வேண்டாம்.”

எதிரணியின் நெட்டைப் பெண் ஆறடிக்கு மேல் இருப்பாள். இருபது வயது. அவளைத் தடுக்க ஆள் இல்லை. தடுக்கப் போனவர்கள் எல்லாரும் எம்பினார்கள். அவள் அவர்களுக்கு மேலே போட்டாள்.

கடைசிக் கால்பகுதியில் ஐந்து நிமிடம் மிச்சம். ஜெசிந்தாவின் அணி ஏழு புள்ளி பின்தங்கியிருந்தது.

ஜெசிந்தா மெல்லச் சொன்னாள். “பந்து கைக்கு வந்ததும் இடது குதிகாலைத் தூக்கறா. தூக்கினா வலது பக்கம்தான் வர்றா. ஒரு தடவைகூட மாறலை.”

தில்ஷாத் திரும்பிப் பார்த்தாள். “அவளுக்கு நாலு ஃபவுல் ஆயிடுச்சு. இன்னும் ஒண்ணு ஆனா வெளியே.”

“தெரியும்.”

“அந்த இடத்துல போய் அசையாம நின்னா அவ உங்க மேல வந்து மோதுவா. மோதினவளுக்குத்தான் ஃபவுல். விழணும்க்கா.”

ஜெசிந்தா தன் முழங்காலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றினாள்.

பந்து நெட்டைப் பெண்ணிடம் போனது. இடது குதிகால் எழுந்தது. ஜெசிந்தா இரண்டடி நகர்ந்து, இரு காலையும் ஊன்றி நின்றுகொண்டாள். எம்பவில்லை. ஒதுங்கவில்லை. அந்தப் பெண் முழு வேகத்தில் திரும்பி அவள் நெஞ்சில் மோதினாள். இருவரும் தரையில் விழுந்த சத்தம் மேல் வரிசை வரை கேட்டது.

விசில்.

ஜெசிந்தா படுத்தபடியே இடது காலை மடக்கினாள். நீட்டினாள். இன்னொரு தடவை மடக்கினாள். பிறகு சிரித்தாள்.

நடுவர் எதிரணிப் பக்கம் கை காட்டினார். ஐந்தாவது ஃபவுல். நெட்டைப் பெண் வெளியே போனாள்.

மிச்ச நிமிடங்களை இளையவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மூன்று புள்ளியில் ஜெயித்தார்கள்.

உடைமாற்றும் அறையில் ஜெசிந்தா முழங்காலில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தில்ஷாத். விலகுவதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

“எங்க நிக்கணும்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல? எதுக்கு என்னைத் தேட விட்டே?”

“எனக்குத் தெரியாதுக்கா” என்றாள் தில்ஷாத். “நாங்க எல்லாரும் அவ கையைத்தான் பார்த்துட்டு இருந்தோம். ஒரு வருஷமா காலையே பார்த்துட்டு இருந்தது நீங்க மட்டும்தான்.”