பாலைவனம் போன நாலு சகலைகள்

சாத்தூரில் ஒரே வீட்டில் பெண் எடுத்த சகலைகள் நாலு பேர் இருந்தார்கள். சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறும் அதுதான். ஒருநாள் அவர்களுடைய மாமியார், "கதவைப் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை நாலு பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொல்லை வழியாக ஆடு வந்து, காயப்போட்டிருந்த வத்தல் பூராவையும் தின்றுவிட்டுப் போனது. கேட்டதற்கு, "கதவு பத்திரமா இருக்கு, அத்தை" என்றார்கள்.

மூத்தவர் வீரபெருமாள். முடிவு எடுப்பது அவர் பொறுப்பு. அடுத்தவர் கருத்தப்பாண்டி, நில அளவை ஆபீசில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்தவர். மூன்றாமவர் பூவலிங்கம், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கடைசி ஆள் சோலைச்சாமி. பசி தாங்க மாட்டார். நாலு பேரில் பூவலிங்கத்துக்கு மட்டும் அவ்வப்போது ஒரு சந்தேகம் எழும். மூத்தவர் விளக்கம் சொன்னதும் அது அடங்கிவிடும்.

வீரபெருமாளின் மகள் செங்கமலம் அமெரிக்காவில், அரிசோனாவில், டூசான் என்ற ஊரில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்க்க நாலு ஜோடியும் புறப்பட்டு வந்துவிட்டார்கள். வந்த மூன்றாம் வாரம், சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்த நாலு பேரையும் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. குழந்தைக்குச் சாமான் வாங்க அம்மாவையும் சித்திகளையும் அழைத்துப் போகிற நாளில், இவர்களைப் பக்கத்துப் பாலைவனப் பூங்காவில் இறக்கிவிட்டாள்.

"அப்பா, பதினொரு மணிக்கு வந்துருவேன். இங்க காட்டு மிருகம் எல்லாம் உண்டு. என்னென்ன செய்யணும்னு இந்தத் தாள்ல தமிழ்ல எழுதியிருக்கேன். இதுப்படி நடந்து ஒரு வம்பும் இல்லாம வந்தீங்கன்னா, அடுத்த சனிக்கிழமை பெரிய பள்ளத்தாக்கு பார்க்கப் போகலாம். இல்லைன்னா ஊருக்குப் போற வரைக்கும் சோபாதான்."

தாள் பூவலிங்கத்தின் கைக்கு வந்தது. அவருக்கு அன்றைக்குத் தனியாக ஒரு கணக்கு இருந்தது. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் கட்டில் மேல் ஏறுகிறவர் என்று அவர் மனைவி மூன்று தெருவுக்குச் சொல்லி வைத்திருந்தாள். இன்றைக்கு ஒரு காட்டு மிருகத்தையாவது நேருக்கு நேர் பார்த்துவிட்டு வந்து அவளிடம் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தார்.

பாதையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு கள்ளிகள், கை தூக்கி நின்றன. கருத்தப்பாண்டி முதல் நாலைந்து கள்ளிகளுக்குப் பதில் வணக்கம் வைத்தார். கொஞ்ச தூரத்தில், புது ஷூ கடிக்கிறது என்று எல்லோரும் கழற்றிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். எழுந்தபோது பூவலிங்கம் தாளைப் பார்த்தார்.

"உள்ளே தேள் இருக்கலாம். காலணியை உதறிப் போடவும்னு இருக்கு, அண்ணாச்சி."

கருத்தப்பாண்டி தன் வலது ஷூவை நன்றாக உதறினார். பிறகு போட்டார். அது நாற்பதடி தள்ளி ஒரு முள்கள்ளியின் தலையில் போய் உட்கார்ந்தது.

"காலில் போடணும்னு அர்த்தமா இருக்குமோ?" என்றார் பூவலிங்கம்.

"காலில்னு எழுதியிருக்கா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?" என்றார் வீரபெருமாள். ஆனாலும் மற்ற ஏழு ஷூவையும் போட்டுவிட்டால் நடப்பது கஷ்டம் என்பதால், ஒன்றைப் போட்டதே எல்லோர் சார்பிலும் போட்டதாகும் என்று முடிவு செய்தார். கருத்தப்பாண்டி இடது காலில் ஷூவோடும் வலது காலில் துண்டைச் சுற்றியும் நடந்தார்.

அடுத்த திருப்பத்தில் பாதை நடுவே ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. வாலை நிமிர்த்திக் கிலுகிலு என்று ஆட்டியது. பூவலிங்கத்துக்கு முழங்கால் இரண்டும் தனித்தனியாக நடுங்கின. தாளைப் பிரித்தார்.

"பாம்பைக் கண்டால் ஆறடி கொடுக்கவும்."

"யாரு கொடுக்கிறது?" என்றார் சோலைச்சாமி. "ஆளுக்கு ஒண்ணரை அடியா பிரிச்சுக் கொடுப்போமா?"

"அரை அடி எப்படி அடிப்பே?" என்றார் வீரபெருமாள்.

"லேசா."

கருத்தப்பாண்டி தொண்டையைச் செருமினார். "முப்பது வருஷம் சர்வேல இருந்தவன் சொல்றேன். இது அளவு அடி. பாம்புக்கும் நமக்கும் நடுவுல ஆறடி இருக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

வீரபெருமாள் ஒப்புக்கொண்டார். ஒரு காய்ந்த குச்சியை ஆறடிக்கு முறித்து, பாம்புக்கு இந்தப் பக்கம் சரியாக ஆறடியில் நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். பாம்பு கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அலுத்துப்போய், புதருக்குள் நகர்ந்தது.

"ஆறேமுக்கால் ஆயிருச்சு," என்றார் கருத்தப்பாண்டி பதற்றத்தோடு.

நாலு பேரும் முக்கால் அடி முன்னால் போனார்கள். பாம்பு இன்னும் நகர்ந்தது. இவர்களும் நகர்ந்தார்கள். பாம்பு திரும்பிப் பார்த்து வேகம் எடுத்தது. இவர்களும் குச்சியைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் கல்லிலும் விழுந்து எழுந்து ஆறடியைக் காப்பாற்றிக்கொண்டே ஓடினார்கள். பாம்பு வாழ்க்கையில் இப்படி ஒரு காலை நேரத்தைப் பார்த்திருக்காது. கடைசியில் ஒரு பாறை இடுக்கில் புகுந்து மறைந்தது. இவர்கள் இடுக்கிலிருந்து ஆறடியில் நின்று மூச்சு வாங்கினார்கள். சுற்றிப் பார்த்தால் பாதையைக் காணோம். தண்ணீர் இல்லாத ஒரு மணல் ஓடைதான் இருந்தது.

"வழி தவறிட்டோமா, அண்ணாச்சி?" என்றார் பூவலிங்கம்.

"நாம தவறலை. பாம்பு தவறிருச்சு."

பசி வந்துவிட்டதால் சோலைச்சாமி பையைப் பிரித்தார். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், நார்த்தங்காய் ஊறுகாய். மூடியைத் திறந்ததும் ஓடைக்கு அந்தப் பக்கம் செடிகள் அசைந்தன. ஒன்பது காட்டுப் பன்றிகள், பெரியதும் சிறியதுமாக, வந்து எதிரே நின்றன. மூக்குகள் ஒரே தாளத்தில் ஆடின.

"எந்த மிருகத்துக்கும் தீனி போடக் கூடாது," என்று பூவலிங்கம் படித்தார். "பையை விட்டுட்டு ஓடிரலாமே?"

"விட்டுட்டு ஓடினா அது தீனி போட்டதாத்தான் ஆகும்," என்றார் வீரபெருமாள். "ஒரு பருக்கை மிச்சம் இல்லாம நாமளே சாப்பிடணும். உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். பன்றிகள் இன்னும் நாலு எட்டு கிட்டே வந்தன. சோலைச்சாமிக்குக் கூட சோறு இறங்கவில்லை.

"ஒன்பது பேர் வாயைப் பார்த்துட்டு நிக்கையில எப்படிச் சாப்பிடுறது? வயித்த வலிக்கும், அண்ணாச்சி. சின்னப் பிள்ளைங்க வேற இருக்கு."

"அதுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சாப்பிட்டா போச்சு," என்ற வீரபெருமாள், பெரிய பன்றியைப் பார்த்துக் கும்பிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு மனசு இருக்கு, சட்டத்துல இடம் இல்லை" என்றார்.

பெரிய பன்றி அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. நேரே வந்து சோலைச்சாமியின் மடியில் இருந்த ஊறுகாய் டப்பாவில் மூக்கை விட்டது. விட்ட வேகத்தில் எடுத்தது. ஏழு தடவை தும்மியது. பிறகு குடும்பத்தையே அழைத்துக்கொண்டு, நார்த்தங்காய் இல்லாத திசையாகப் பார்த்து ஓடியது.

"நாம போடலை. அதுவா எடுத்துக்கிச்சு," என்றார் சோலைச்சாமி. எல்லோருக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

சாப்பிட்டுவிட்டு ஓடையோடு மேலே நடந்தார்கள். ஒரு வளைவில் பூவலிங்கம்தான் முதலில் பார்த்தார். மர நிழலில், மண் நிறத்தில், கன்றுக்குட்டி உயரத்தில், பெரிய பூனை மாதிரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதுவும் அவரைப் பார்த்தது. அவர் ஆசைப்பட்ட நேருக்கு நேர் இதுதான். ஆசைப்பட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"மலைச் சிங்கம்," என்றார், உதடு அசையாமல். தாளைப் பிரித்துப் படித்தார். "ஓடக் கூடாது. கண்ணை எடுக்காமல் பார்க்கவும். சத்தமாகப் பேசவும். உடம்பை முடிந்த மட்டும் பெரிதாகக் காட்டவும்."

"பிடரி இல்லையே," என்றார் கருத்தப்பாண்டி. "பொட்டச் சிங்கம். ஒரு பொம்பளைப் பிள்ளையைக் கண்ணெடுக்காம பார்க்கிறது மரியாதையா?"

வீரபெருமாள் யோசித்தார். "கெட்ட எண்ணத்தோட பார்க்கக் கூடாது. மக மாதிரி நினைச்சுப் பாருங்க."

மகள் மாதிரி நினைத்துப் பார்த்தார்கள். உடம்பைப் பெரிதாகக் காட்டுவதற்கு வீரபெருமாள் தம் எட்டு முழ வேட்டியை அவிழ்த்தார். உள்ளே முழங்கால் வரை டவுசர் இருந்ததால் மானம் போகவில்லை. ஒரு முனையைக் கருத்தப்பாண்டியும் மறு முனையைச் சோலைச்சாமியும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தார்கள். காற்றில் அது படபடவென்று அடித்தது. சிங்கம் ஒரு எட்டு பின்னால் வைத்தது.

"இப்ப சத்தமா பேசணும். என்ன பேச?" என்றார் சோலைச்சாமி.

பயத்தில் பூவலிங்கத்தின் வாயில் முப்பத்தோரு வருஷமாக அடைத்துக் கிடந்தது வெளியே வந்தது. "என் தலை தீபாவளிக்கு ஆக்கின கறியில ஈரல் யாருக்குப் போச்சு?" என்று கத்தினார்.

"ஈரலா? ஆட்டுல ஈரல் இருந்தாத்தானே?" என்று கருத்தப்பாண்டி பதிலுக்குக் கத்தினார்.

"ஈரல் இல்லாத ஆடு எந்த ஊர்ல இருக்கு?"

அதன் பிறகு பேச்சுக்குப் பஞ்சம் இல்லை. சிங்கம் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு கொட்டாவி விட்டது. பிறகு படுத்து, கண்ணை மூடிக்கொண்டது. பூவலிங்கத்துக்கும் கண் எரிந்தது.

"அது கண்ணை மூடிருச்சு, அண்ணாச்சி. நாம எடுக்கலாமா?"

"அதுக்குத் தாள் கொடுக்கலை. நமக்குத்தான் கொடுத்திருக்கு."

முக்கால் மணி நேரம் கழித்து, பதினொரு மணிக்கு வந்து ஆளைக் காணாமல் தவித்த செங்கமலமும் பூங்காக் காவலரும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தேடுவதற்குச் சிரமமே இல்லை. கார் நிறுத்துமிடம் வரைக்கும் ஈரல் கேட்டிருக்கிறது. காவலரின் காலடி கேட்டுச் சிங்கம் எழுந்து, சோம்பல் முறித்து, மேட்டில் ஏறிப் போயிற்று. காவலர் தொப்பியைக் கழற்றினார். இத்தனை வருஷத்தில் இந்த விதிகளை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களைப் பார்த்ததில்லை என்று நாலு பேருக்கும் கை கொடுத்தார்.

பள்ளத்தாக்கு உறுதியாகிவிட்டது. பூவலிங்கத்துக்கு நெஞ்சு அரை அங்குலம் அகலமானது.

பூங்கா வாசலில் காவலர் ஒரு படிவம் நீட்டினார். பார்த்த மிருகங்களை எழுத வேண்டுமாம். செங்கமலம் கட்டம் கட்டமாகத் தமிழில் சொன்னாள். "பேரு. எத்தனை. கடைசிக் கட்டத்துல அதோட நடத்தை. எழுதிட்டு இருங்க, நான் காரை எடுத்துட்டு வந்துர்றேன்."

அவளும் காவலரும் அந்தப் பக்கம் போனதும் வீரபெருமாள் பேனாவைத் திறந்தார். "நடத்தை கேட்கிறாங்கன்னா இது சர்டிபிகேட். கவனமா எழுதணும். ஒரு ஜீவனோட எதிர்காலம்."

பாம்புக்கு 'நன்று, சொன்ன தூரத்தில் நின்றது' என்று எழுதினார்கள். பன்றிகளுக்கு 'சுமார், அடுத்தவர் இலையைப் பார்க்கும் பழக்கம் உண்டு'. சிங்கத்துக்கு 'மிக நன்று, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாது'.

பூவலிங்கத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. "பள்ளிக்கூட சர்டிபிகேட்டுல அங்க அடையாளம் ரெண்டு போடுவாங்களே, அண்ணாச்சி. மச்சம் எங்க இருக்குன்னு."

மூவரும் அவரைப் பார்த்தார்கள். முதல் தடவையாக மூத்தவரிடம் விளக்கம் இல்லை.

"பார்த்துட்டு வரணும்," என்றார் வீரபெருமாள். "இல்லைன்னா செல்லாது."

கால் மணி நேரம் கழித்து, அதே மேட்டில், பூவலிங்கம் படிவத்தையும் பேனாவையும் பிடித்துக்கொண்டு மற்ற மூவருக்கும் முன்னால் போய் நின்றார். கால் நடுங்கவில்லை. எதிரே சிங்கம் நின்றது.

"வலது கன்னத்துல இருக்கிறது மச்சமா, மண்ணான்னு தெரியலை," என்றார். "இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்க, தாயி."