மூன்று பேஸுக்கு ஒரே எண்

“டீச்சர், கையெழுத்துப் போடுதீங்களா, இல்ல இந்த மீட்டரைக் கடல்ல வீசவா?”

ஐஸ் கம்பெனிக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி கத்தினார் பாக்கியநாதன். ஐம்பத்திரண்டு வயது வயரிங் கான்ட்ராக்டர். பேரம் பேசியே வீடு கட்டியவர். இத்தனை காலமும் வீட்டு வயரிங்தான். மூன்று பேஸ் வேலை இதுதான் முதல். அளக்கப் படிப்பதற்காக, தன்னைவிட இருபது வயது இளையவளான ரூபலாவிடம் ஆறு மாதமாகப் போய் வருகிறார்.

அவர் அளந்து எழுதிய பாதுகாப்புச் சோதனைத் தாளில் அவள் கையெழுத்துப் போட்டால்தான் ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடும். வெளியே ஏழு விசைப்படகுகள் ஐஸுக்காகக் காத்து நின்றன. முதலாளி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். இன்று ஓடவில்லையென்றால் மீதி வேலை வேறு ஆளுக்கு.

ரூபலா தாளைப் பார்த்தாள்.

“சிவப்பு பேஸ் புள்ளி நாலு ரெண்டு ஓம். மஞ்சளும் அதே. நீலமும் அதே. ஒரு வயித்துப் பிள்ளையகூட இப்படி ஒண்ணுபோல இருக்காதே அண்ணாச்சி.”

“ஒரே கேபிளு, ஒரே நீளம், ஒரே எர்த்து. இம்பீடன்ஸு, அந்தத் தடை மட்டும் என்னத்த மாறப்போகுது? வீட்டுல ஒரு தடவைதான அளக்கோம்?”

“வீட்டுல ஒரு பேஸு.”

“சரி, மஞ்சளை அளக்கேன். நீலத்தை விட்டுருங்க.”

அவள் தாளை அவரிடமே திருப்பி நீட்டினாள்.

“விட்டா என்னதான் ஆயிரும்?”

“நீலத்துல ஒரு ஜாயிண்ட் லூசா இருந்தா தடை ஏறிரும். மெஷின் பாடியில கரண்ட் கசிஞ்சாலும் ஃபியூஸ் போகாது. பாடியிலயே நிக்கும்.”

“ஜாயிண்ட் போட்டது யாரு? நான்லா!”

செருப்பை உதறினார். உப்புத் தண்ணீர் தேங்கிய தரையில் வெறுங்காலோடு நின்று, மெஷின்மேல் உள்ளங்கையை அறைந்து வைத்தார்.

“போடுங்க மெயினை! என் கை, என் உசுரு.”

ரூபலா மெயின் பக்கமே போகவில்லை. மூலையில் ஐஸ் தூளை வாரிக்கொண்டிருந்த மரியாளைக் கூப்பிட்டாள். தினமும் இந்த மெஷினோடு மல்லுக்கட்டப் போகிறவள். முழங்கைவரை ஈரம்.

“அக்கா, இதைத் தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னு அண்ணாச்சி எழுதிக் குடுத்திருக்காவ. நீங்களும் ஒரு கை வைங்க.”

“அண்ணாச்சி எழுதினா சரியாத்தான் இருக்கும்.”

மரியாள் முந்தானையில்கூடத் துடைக்காமல் கையை நீட்டினாள்.

“தொடாத!”

அந்தச் சத்தத்தில் படகுக்காரர்கள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள்.

மரியாள் மிரண்டுபோய் நின்றாள். “ஏன் அண்ணாச்சி?”

பாக்கியநாதன் மெயினைப் பார்த்தார்.

அதை இன்னும் யாரும் போடவே இல்லை.