ஏறின கியரில் இறங்கின முயல்

கடக்! உர்ர்ர்... கடக்! உர்ர்ர்... கடக்!

மூங்கில் புதருக்குப் பின்னால் சத்தம் கேட்டது. ஆளையும் காணோம், வண்டியையும் காணோம்.

வள்ளிக்கிழங்குப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த முயல் காத்தாயி காதை நிமிர்த்தினாள்.

"எவன்டா அவன்? கியர் மாத்தத் தெரியாத பய! கிளட்ச்சை இப்படியா விடுவான்?"

கிளட்ச்சைப் பற்றிப் பேச அந்தக் காட்டில் அவளுக்குத்தான் உரிமை உண்டு. பல வருடம் சுமை வண்டி ஓட்டியவள். போன கோடையில் ஒரு கண்ணி அவளுடைய இடது பின்னங்காலைப் பிடித்துவிட்டது. கால் பிழைத்தது, அழுத்துகிற பலம் போயிற்று. வண்டியை விற்றுவிட்டாள். அதன்பிறகு தூரத்தில் எந்த எஞ்சின் சத்தம் கேட்டாலும் அவள் கை தானாக நின்றுவிடும்.

புதரை விலக்கிக்கொண்டு ஒரு சின்ன சிவப்புக் கார் வந்தது. பின்னால் வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று. சிவப்புக் காரிலிருந்து காட்டுப்பன்றி கொம்பையா இறங்கினான். மற்ற இரண்டிலிருந்தும் அவனுடைய மச்சான்கள் இறங்கினார்கள். கொம்பையாவுக்குப் பழைய கார் வாங்கி விற்பதுதான் தொழில். விலையைக் கிழங்காக வாங்கிக்கொள்வான்.

"என்ன காத்தாயி, திட்டு பலமா இருக்கு? கிளட்ச்சை நான் விடல. இதுல கிளட்ச் மிதியே கிடையாது! மூணுமே ஆட்டோமேட்டிக். உன் இடது கால் இனிமே சும்மா உட்கார்ந்துக்கலாம்!"

காத்தாயி குடத்தை அப்படியே கீழே வைத்தாள். ஆசையினால் மட்டுமல்ல, அவளுக்கு வேறு காரணமும் இருந்தது.

அன்று காலைதான் மலையுச்சியிலிருந்து தவளை மழையம்மா தத்தித் தத்தி இறங்கி வந்திருந்தாள். மேலே அவளுடைய சுனை வற்றிக்கொண்டிருந்தது. சுனை முழுக்க அவள் பிள்ளைகள். இன்னும் கால் முளைக்காத தலைப்பிரட்டைகள்.

"இன்னும் ரெண்டு வெயில் அடிச்சா தண்ணி இருக்காதுடி காத்தாயி! எப்படியாவது கீழே குளத்துல கொண்டாந்து விட்டுடணும்!"

யாரும் முயலாமல் இல்லை. யானைப் பெரியய்யா தும்பிக்கையில் உறிஞ்சிக் கொண்டுவருவதாகச் சொன்னார். "அய்யோ, உங்களுக்குத் தும்மல் வந்தா?" என்று மழையம்மா அலறினாள். குரங்கு வாலுமணி பானையைத் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொன்னான். ஆனால் வழியில் மரத்தைக் கண்டால் அவன் கால் தரையில் நிற்காது. மலைப்பாதையில் வண்டி போகும். ஆனால் அந்தப் பாதையில் ஓட்டிப் பழகியவள் காத்தாயி ஒருத்திதான்.

"எந்த வண்டி நல்லது கொம்பையா?" என்று கேட்டாள்.

கேட்டதுதான் தாமதம், காடே கூடிவிட்டது!

கொம்பையா தொண்டையைச் செருமினான். "இந்த வெள்ளை வண்டி இருக்கே, இது சிவிடி. இதுல கியரே கிடையாது. ரெண்டு கப்பி, நடுவுல ஒரு பெல்ட்டு. நெய்யில வழுக்குற மாதிரி போகும். விலை மூணு பாத்திக் கிழங்கு."

"அடேயப்பா!" என்றன மான்கள்.

"நீலம், டார்க் கன்வர்ட்டர். எஞ்சின் எண்ணெயைச் சுத்திவிடும், எண்ணெய் கியர்ப்பெட்டியைச் சுத்திவிடும். சாதுவான வண்டி, எந்தச் சுமைக்கும் அசராது. பெட்ரோல் மட்டும் கொஞ்சம் குடிக்கும். ரெண்டு பாத்தி."

"கொஞ்சம்னா எவ்வளவு?" என்றாள் காத்தாயி.

"யானை கரும்பு தின்கிற மாதிரி."

பெரியய்யா தும்பிக்கையால் நெற்றியைச் சொறிந்துகொண்டார்.

"சிவப்பு?"

கொம்பையாவின் குரல் இறங்கியது. "அது ஏஎம்டி. உள்ளே உன் பழைய வண்டியில இருந்த அதே கியர்ப்பெட்டிதான். கிளட்ச் அழுத்தி கியர் மாத்துற வேலையை மட்டும் ஒரு இரும்புக்கை தானாப் பார்த்துக்கும். கம்மியாக் குடிக்கும். ஒரே பாத்தி. ஆனா... கியர் மாறும்போது லேசா ஒரு குலுக்கு."

"லேசாவா? மூங்கில் புதர் வரைக்கும் கேட்டுச்சே!" என்று வாலுமணி சிரித்தான். "அது வண்டியில்லண்ணே, தலையாட்டி பொம்மை!"

பெரியய்யா சோதனை வைத்தார். ஒவ்வொரு வண்டியிலும் விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய ஒரு பானை வைக்கப்பட்டது. புல்வெளியை ஒரு சுற்று வரவேண்டும். எதில் குறைவாகச் சிந்துகிறதோ அதுவே சிறந்த வண்டி.

வெள்ளை வண்டி சுற்றி வந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நீல வண்டியில் ஒரு கை அளவு சிந்தியது. சிவப்பு வண்டி கடக், கடக் என்று வந்து நின்றபோது பாதிப்பானைத் தண்ணீர் கொம்பையாவின் மச்சான் மடியில் இருந்தது.

"நிறைகுடம் தளும்பாதுன்னு சொன்னவன் ஏஎம்டியில போனதே இல்ல!" என்று வாலுமணி உருண்டு புரண்டு சிரித்தான்.

தீர்ப்பு வந்தது. சிவிடிதான் சிறந்தது! காத்தாயிக்கும் அதன்மேல்தான் கண். ஆனால் அவளிடம் இருந்தது ஒரு பாத்திக் கிழங்கு.

"அடுத்த பருவத்துல எல்லாரும் சேர்ந்து கிழங்கு போட்டு வாங்கிடலாம்" என்றது ஒரு மான்.

"பெல்ட்டு சுமை தாங்குமா? அதையும் பார்க்கணும்" என்றது முள்ளம்பன்றி.

"நீலமே வாங்கினா என்ன? பெட்ரோலுக்கு ஒரு வழி பண்ணலாம்" என்றது இன்னொரு மான்.

"எதுக்கும் நாளைக்கு இன்னொரு சோதனை வைப்போம்!" என்றார் பெரியய்யா. அவருக்குச் சோதனை வைப்பது பிடித்துப்போயிருந்தது.

வெயில் உச்சிக்கு ஏறியது. மழையம்மா கல்லின் மேல் ஏறி நின்று கத்தினாள்.

"நீங்க பேசுங்கய்யா, நல்லாப் பேசுங்க! அங்க என் புள்ளைங்க சேத்துல நெளியுதுங்க! எந்த வண்டின்னு அதுங்க கேக்கவா போகுது? மேலேருந்து கீழே வந்தாப் போதும்!"

காத்தாயியின் காதுகள் சட்டென்று நிமிர்ந்தன.

"மேலேருந்து கீழே..." என்று முணுமுணுத்தாள். "ஆமா, மேலே போறப்ப பானையில என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது, காலிப் பானை" என்றான் வாலுமணி.

"அப்ப ஏறும்போது வண்டி குலுங்கினா யாருக்கு நட்டம்? என் தலைதானே ஆடும், ஆடட்டும்! தண்ணி இருக்குறது இறங்கும்போது மட்டும்தான். கொம்பையா, இந்தச் சிவப்புல கியரைக் கையால பிடிச்சு வைக்க முடியுமா?"

"முடியுமே! இந்தக் கம்பியை இந்தப் பக்கம் தள்ளினா நீ சொல்ற கியர்லயே நிக்கும். கூட்டவும் குறைக்கவும் நீதான்."

"அப்ப எடு சாவியை! விளைஞ்சதும் என் பாத்திக் கிழங்கு உனக்கு. மலையில ஓட்டுறவங்களுக்கு ஒரே சட்டம்தான். ஏறின கியர்லயே இறங்கு. இறங்கும்போது நான் கியரே மாத்தப்போறதில்ல. மாத்தினாத்தானே குலுங்கும்?"

அந்தச் சோதனையைச் சமதரையில் வைத்தோமே என்று பெரியய்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பின் இருக்கையில் வைக்கோல் பரப்பி இரண்டு காலிப் பானைகளை இறக்கினார்கள். பானைகளுக்கு நடுவில் வாலுமணி, முன்னால் மழையம்மா. சிவப்பு வண்டி கிளம்பியது. கடக், கடக்!

"தலையாட்டி! தலையாட்டி!" என்று வாலுமணி தாளம் போட்டான்.

பாதி மலையில் ஓர் எருமை பாதையை அடைத்துப் படுத்திருந்தது. காத்தாயி நிறுத்தினாள். எருமை எழுந்து வழிவிட்டதும் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி முன்னே போகாமல் பின்னால் உருண்டது!

"அய்யோ! பின்னாடி பள்ளம்!" என்று வாலுமணி கூரையைப் பிடித்துத் தொங்கினான்.

காத்தாயி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். வண்டி நின்றது. வலது காலால் மெல்ல எஞ்சினை முடுக்கி, வண்டி முன்னே முண்டியதும் ஹேண்ட் பிரேக்கை விட்டாள். வண்டி ஏறியது.

"பாத்தியாடா வாலு? இரும்புக்கைக்கு மேடு எது, பள்ளம் எதுன்னு தெரியாது. அதை நாமதான் பார்த்துக்கணும்" என்றாள். செங்குத்தான ஏற்றத்தில் முன்பலகையில் '2' என்று விளக்கு எரிந்தது. அதை மனதில் போட்டுக்கொண்டாள்.

சுனையில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. மூவரும் தலைப்பிரட்டைகளை அள்ளி அள்ளிப் பானைகளில் விட்டார்கள். பானைகள் நிறைந்தன.

"மூடிடலாமா?" என்றான் வாலுமணி.

"மூடாதடா! மூச்சு முட்டிடும்!" என்றாள் மழையம்மா.

காத்தாயி கம்பியைத் தள்ளி இரண்டாவது கியரில் வைத்தாள். வண்டி இறங்கியது. எஞ்சின் 'ஊஊஊ' என்று கத்தியது. வண்டியோ கயிறு கட்டி இறக்குவதுபோல நிதானமாகப் போனது. பானையில் சின்ன அலைகூட இல்லை.

வாலுமணிக்கு வாய் பெரிது, மனசு அதைவிட இளகியது. எஞ்சின் கத்துவதைக் கேட்க அவனுக்குப் பொறுக்கவில்லை.

"பாவம், வண்டி அழுவுது அக்கா! கொஞ்சம் இளக்கி விடேன்!" என்றவன், கை நீட்டிக் கம்பியை, கியர் தானாக மாறும் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டான்!

கடக்! கியர் ஏறியது. எஞ்சின் அமைதியானது. பிடி விட்ட வண்டி குடுகுடுவென்று ஓடத் தொடங்கியது. பானைகள் சாய்ந்தன. தண்ணீர் எகிறியது. அதோடு ஒரு தலைப்பிரட்டையும் எகிறியது!

"என் புள்ள!" என்று மழையம்மா வீறிட்டாள்.

வாலுமணி இரண்டு கால்களாலும் ஒரு கையாலும் பானைகளை அணைத்துக்கொண்டு, மற்றக் கையை நீட்டினான். பொத்! உள்ளங்கையில் விழுந்தது பிள்ளை.

காத்தாயி பிரேக்கை அழுத்தினாள். திடீரென்று அல்ல, பஞ்சை அழுத்துவதுபோல. வேகம் குறைந்ததும் கம்பியைத் திருப்பித் தள்ளி மறுபடி இரண்டில் வைத்தாள். 'ஊஊஊ' என்று எஞ்சின் கத்தத் தொடங்கியது. வண்டி அடங்கியது.

"வாலு..."

"அக்கா?"

"அது அழல. நம்மளை இழுத்துப் பிடிக்குது."

வாலுமணி பிள்ளையைப் பானையில் விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். குளம் வரும்வரை அவன் வாயே திறக்கவில்லை. இதைக் காட்டில் யாரும் இன்றுவரை நம்பவில்லை!

குளத்தில் பானைகளைச் சாய்த்தார்கள். தலைப்பிரட்டைகள் கறுப்பு மழைபோல இறங்கி நாலாபக்கமும் ஓடின. மழையம்மா ஒரு தரம் மூழ்கி எழுந்து, அடித்தொண்டையில் பாட ஆரம்பித்தாள்.

கரையில் நின்ற கூட்டம் ஆரவாரம் செய்தது.

"அப்பவே சொன்னேன், ஏஎம்டிதான் சிறந்தது!" என்றது முள்ளம்பன்றி.

"நீ எங்க சொன்ன? சமவெளியில ஓட்ட இன்னைக்கும் சிவிடிதான்!" என்றது மான்.

"இதுக்கு ஒரு சோதனை வைப்போம்!" என்றார் பெரியய்யா.

ஊருக்கெல்லாம் சிறந்தது எது என்று தேடுகிறவன் புறப்பட்ட இடத்திலேயே நிற்பான். தன் பாதையையும் சுமையையும் அறிந்தவனே போய்ச் சேருவான்.

காத்தாயி தன் பாத்திக்குத் திரும்பினாள். காலையில் வைத்த இடத்திலேயே குடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டி, மீதிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.