மழை வரட்டும் என்று சொன்னவர்

இரண்டு நாடு, நடுவில் ஒரே ஆறு. சண்டைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? மேட்டில் இருந்த குன்றநாட்டிடம் அணை இருந்தது, கடல் இல்லை. கடலோரத் தாழைநாட்டிடம் துறைமுகம் இருந்தது, தண்ணீர் இல்லை. கொடுத்து வாங்கிப் பிழைத்திருக்கலாம். பிழைக்கத் தெரிந்தவர்கள் ஆட்சிக்கு ஏன் வரப்போகிறார்கள்?

ஒரு கோடையில் குன்றநாடு அணையை மூடிவிட்டது. தாழைநாட்டில் நாற்று காய்ந்தது, பட்டாளம் எல்லைக்கு நகர்ந்தது. அப்போது குன்றநாட்டில் தாழைநாட்டின் தூதராக இருந்தவர் சேந்தன். ஒரு விருந்து முடிந்து அவர் தோட்டத்தில் உலாவியபோது, குன்றநாட்டு வெளியுறவு அலுவலகத்தில் சிறிய பதவியில் இருந்த கோதை கூடவே நடந்தார். தோட்டத்தில் பேசுவதைத் தூதர்கள் தங்கள் அரசுக்கு எழுதுவதில்லை. அது அந்தத் தொழிலின் வழக்கம். அதை நம்பித்தான் கோதை வாயைத் திறந்தார். அணையின் அடிச்சுவரில் வெடிப்பு விட்டிருக்கிறது, பாதிக்குமேல் தண்ணீர் நின்றால் தாங்காது, மழை பிடித்தால் குன்றநாடே மதகைத் திறந்தாக வேண்டும் என்றார்.

"இத வச்சு சண்டைய நிறுத்துங்கய்யா. ஆனா பேரம் பேச மட்டும் எடுக்காதீங்க. நான் சொன்னது வெளிய தெரிஞ்சா எனக்கு ஜெயில்தான்."

சேந்தன் வாக்குக் கொடுத்தார். தன் அரசுக்கு ஒரே வரிதான் எழுதினார்: மழை வரட்டும், பொறுங்கள். காரணம் எழுதவில்லை. என்ன அதிசயமோ, அரசு பொறுத்தது. மழை வந்தது, மதகு திறந்தது, பட்டாளம் வீட்டுக்குப் போனது. அந்த வரி வெளியே கசிந்ததும் சேந்தனை ஞானி என்று கொண்டாடினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்றார்கள் வேண்டாதவர்கள். இரண்டும் இல்லை என்று அறிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். எப்படியோ, அந்த ஒரு வரி அவரைக் கட்சிக்குள் இழுத்து, மேடை மேடையாக ஏற்றி, கடைசியில் பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்தது.

மறுபடியும் ஒரு வறட்சி வந்தது. குன்றநாடு ஒரு குழுவை அனுப்பியது. தண்ணீர் தருகிறோம், துறைமுகத்தை இரண்டு தலைமுறைக்கு எங்களிடம் விடுங்கள், ஆனால் மழைக்கு முன்பே கையெழுத்தாக வேண்டும் என்றது. அந்த அவசரத்தைக் கேட்டதுமே சேந்தனுக்கு விளங்கிவிட்டது. வெடிப்பு இன்னும் அடைபடவில்லை. தேக்க முடியாத தண்ணீரை விலைபேச வந்திருக்கிறார்கள். குழுவின் தலைவியோ, இப்போது அமைச்சராகிவிட்ட கோதை. சேந்தனுக்கு எல்லாம் தெரியும் என்பது கோதைக்கும் தெரியும். தான் கொடுத்த வாக்கையே தனக்கு எதிராகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாரே என்று சேந்தனுக்குக் கோபமும் வந்தது, ஏன் வந்தார், மேலிடத்து உத்தரவை மீறவா முடியும் என்று இரக்கமும் வந்தது.

கையெழுத்து நாளன்று சேந்தனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. டீ கேட்டார், அது ஆறிப்போனது. ஜன்னலுக்குப் போனார். கீழே மீனவர்கள் கறுப்புக்கொடியோடு சாலையை மறித்து, துறைமுகத்தைக் கொடுக்காதே என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கதவுக்குப் போனார், திரும்ப ஜன்னலுக்கு வந்தார். கையெழுத்துப் போட்டால் எப்படியும் வரப்போகிற தண்ணீருக்காகத் துறைமுகம் போய்விடும். போடாவிட்டால், கோதை சொன்னதைப் பேரத்துக்கு எடுத்ததாகிவிடும், தன்னை நம்பிய பெண்ணிடம் சொன்ன சொல் போய்விடும்.

நீர்ப்பாசன அமைச்சர் பூவலிங்கம் உள்ளே வந்தார். வெடிப்பு விஷயம் அவருக்குத் தெரியாது. அவர் தொகுதியில் பயிர் கருகிக்கொண்டிருந்தது, கையெழுத்தானால் தேவலை என்றுதான் அவருக்கும் இருந்தது. ஆனாலும் தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"உங்களுக்கு மனசில்லேன்னா விடுங்கய்யா. கீழ இத்தன பேரு நிக்கிறாங்க. அவங்க சம்மதிக்கலைன்னு சொல்லி ரெண்டு மாசம் இழுத்தடிப்போம். யாரு என்ன கேக்கப் போறாங்க?"

சேந்தன் அதைப் பாதி காதில் வாங்கினார், பாதியை விட்டார். இனி ஒரு நிமிடமும் தாங்காது என்பதுபோல மண்டபத்துக்குள் நடந்தார். கேமராக்கள் திரும்பின. கோதை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மேசையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்து கிடையாது. மழை வரட்டும்" என்றார் சேந்தன்.

கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். கோதையின் முகத்தில் ரத்தம் வற்றியது.

மழை வந்தது. மதகு திறந்தது. துறைமுகம் பிழைத்தது. சேந்தனுக்கு ஆளுயர மாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள். குன்றநாட்டில் மட்டும் சிலர் உட்கார்ந்து யோசித்தார்கள். ஒரு தடவை சொன்னால் ஞானம். இரண்டாம் தடவையும் அதே ஆள், அதே வரி என்றால், யாரோ உள்ளிருந்து சொல்லியிருக்க வேண்டும். சேந்தன் தூதராக இருந்த காலத்தில் அவரோடு பழகியவர்கள் யார் என்று தேடினார்கள். கோதை சிறைக்குப் போனார். விசாரணையில் கடைசிவரை சேந்தனின் பெயரைச் சொல்லவில்லை.

இப்போது சொல்லுங்கள். நாட்டு ரகசியத்தைச் சொல்லிவிட்டுப் பிறகு தேக்க முடியாத தண்ணீரை விற்கவும் வந்த கோதையா, துறைமுகத்தைக் காக்க வாக்கை மீறிய சேந்தனா, விவரம் தெரியாமல் யோசனை சொன்ன பூவலிங்கமா? அந்தச் சிறைக்கதவைப் பூட்டியது யார் கை?

விடை: சேந்தன் கைதான். ஆனால் கையெழுத்துப் போட மறுத்ததற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. நாட்டின் சொத்தை ஏமாந்து கொடுக்கிற உரிமை எந்தப் பிரதமருக்கும் இல்லை. கோதை அன்று சொன்னது உயிர்களைக் காத்தது. பின்னர் பேரத்துக்கு வந்தது தன் அரசு அனுப்பியதால், எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? மறுப்பதற்கு உண்மையான காரணம் ஒன்று ஜன்னலுக்குக் கீழேயே கத்திக்கொண்டிருந்தது. பூவலிங்கம் அதை எடுத்துக் கையிலும் கொடுத்தார். அதைச் சொல்லியிருந்தால் துறைமுகமும் தப்பியிருக்கும், கோதையும் தப்பியிருப்பார். சேந்தனோ பதற்றத்தில், கூட்டம் கைதட்டிப் பழகிய வரியையே எடுத்து வீசினார். யாரையும் காட்டிக்கொடுக்காமல் மறுப்பதுதான் தூதரின் முதல் பாடம். தூதராக இருந்த காலத்துச் சேந்தன் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்.