ஏழாம் துண்டு

“ஆறாம் துண்டில் நீர்நாய் இருக்கு, எட்டாம் துண்டிலும் இருக்கு. நடுவில் ஏழில் மட்டும் இல்லாமல் போகுமா, மேடம்?”

குருவம்மாள் இதைக் கேட்டபோது எஸ்தர் மேடம் வெள்ளிக்கிழமை வனத்துறைக்குப் போகவேண்டிய அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடத்துக்கு வயது முப்பத்தெட்டு. மாணவிக்கு நாற்பத்தொன்பது. பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்திவிட்டு, மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு முனைவர் பட்டத்துக்கு வந்தவள் குருவம்மாள். அதனால் மேடம் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

“போகலாம். போகாமலும் இருக்கலாம். நீங்க என்ன பார்த்தீங்க?”

“பூஜ்யம் மேடம். பதினாறு வாரமா.”

“அப்ப ஏழாம் துண்டை வனத்துறை பாதுகாப்புப் பட்டியலில் இருந்து எடுத்துரும். மணல் அள்ள விட்டுருவாங்க.”

மேடம் அட்டவணையை மூடிவைத்தார்.

“காலையில் போய்ப் பார்ப்போம்.”

“நீங்க எதுக்கு மேடம், வெயிலில?”

“ஆறரை மணிக்கு ஏது வெயில்?”

ஆற்றைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் அரை கிலோமீட்டர். வாரம் ஒருமுறை கரையோடு நடந்து, பாறைகளில் நீர்நாய் எச்சம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து எண்ண வேண்டும். நீர்நாய் எளிதில் கண்ணில் படாது. எச்சம்தான் சாட்சி. இதைக் குருவம்மாள் தனியாகச் செய்துவந்தாள். ஆய்வு மையத்துக்குத் திரும்பினால் அறையில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்வாள். “சாப்பிட்டாச்சு, நல்லாயிருக்கேன்” என்பதைத் தாண்டி அந்தப் பேச்சு போனதில்லை.

மறுநாள் காலை இருவரும் ஏழாம் துண்டுக்குள் இறங்கினார்கள். மருத மரத்தடியில் மூன்று பேர் அந்நேரத்துக்கே பாட்டிலைத் திறந்திருந்தார்கள். பச்சைக் கைலி கட்டியிருந்தவன்தான் முதலில் பார்த்தான்.

“என்ன டீச்சரம்மா, நாலு மாசமா ஆளையே காணோம்? பெரிய லீவு விட்டுட்டாங்களோ?”

“இப்ப துணைக்கு ஆள் வந்திருக்குல்லா” என்றான் இன்னொருவன். மூவரும் சிரித்தார்கள்.

குருவம்மாளுக்குக் காது இரண்டும் எரிந்தன. எஸ்தர் மேடம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் பாறைக்குப் போனார். குனிந்தார். கறுப்பாக, ஈரம் காயாமல், மீன் செதிளும் நண்டு ஓடுமாக ஒரு குவியல். மூக்கை அருகில் கொண்டுபோனார்.

“புதுசு. நேத்து ராத்திரி போட்டது.”

அடுத்த பாறையில் இன்னொன்று. அதற்கடுத்ததில் வெளுத்துப் பொடியாகிப் போனது ஒன்று.

“இது ரெண்டு மாசத்துப் பழசு.”

துண்டு முடியும்போது எண்ணிக்கை பதினொன்று ஆகியிருந்தது. இருவரும் மையத்துக்குத் திரும்பினார்கள். அறைக்குள் வந்து உட்கார்ந்த பிறகு மேடம் கேட்டார்.

“எதிர்க்கரையில் நின்னு பார்த்தீங்களா?”

“ஆமாம் மேடம். பைனாகுலரில்.”

“அங்கேயிருந்து எச்சம் தெரியுமா?”

“தெரியாது.”

“என்ன நடந்தது?”

“ஒரு நாள் அந்தப் பச்சைக் கைலி பின்னாலேயே வந்தான். துண்டு முழுக்க. பத்தடி தள்ளி. தொடலை, பேசலை. பாடிக்கிட்டே வந்தான். நான் நின்னா அவனும் நின்னான்.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“இன்டர்வியூவில் கேட்டாங்க மேடம். இந்த வயசில ஆத்தங்கரையில தனியா நடக்க முடியுமாம்மான்னு. முடியும்னு சொன்னேன்.”

“என்கிட்டயும் கேட்டாங்க.”

“உங்ககிட்டயுமா? அப்ப உங்களுக்கு என்ன வயசு?”

“இருபத்திமூணு. எனக்கு வயசு கம்மியா இருந்தது குறை.”

குருவம்மாளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

மேடம் அட்டவணையை அவள் பக்கம் தள்ளினார். “போய்ப் பார்த்து இல்லைன்னா பூஜ்யம். போகலைன்னா கோடு. அடிச்சு எழுதுங்க.”

“நாலு மாசம் போயிரும் மேடம். அடுத்த வருஷம் இதே மாசங்கள்ல மறுபடி நடக்கணும்.”

“ஆமாம்.”

“பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.”

“போகும்.”

குருவம்மாள் பதினாறு பூஜ்யங்களையும் ஒவ்வொன்றாக அடித்தாள். பக்கத்தில் பதினாறு கோடுகள் போட்டாள். கோடு போட்டால் எதிரே இருக்கும் ‘காரணம்’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். அங்கே வந்ததும் பேனா நின்றது. உள்ளதை எழுதினால் மையத்தின் இயக்குநர் படிப்பார். அடுத்த வாரமே ஆற்றை யாராவது ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டு, அவளை ஆய்வகத்தில் உட்காரச் சொல்வார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்.

“காரணம்னு என்ன எழுத, மேடம்?”

எஸ்தர் மேடம் எழுந்துபோய் அலமாரியிலிருந்து கறுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்துவந்தார். அவருடைய ஆய்வேடு. நீர்நாய் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அதிலிருந்து ஒரு வரியாவது எடுத்துக்காட்டுவார்கள். புரட்டி ஓர் அட்டவணையைக் காட்டினார். ஓரிடத்தில் வரிசையாக ஒன்பது கோடுகள். எதிரே ஒரே சொல் ஒன்பது முறை: வெள்ளம்.

குருவம்மாள் விரல் வைத்து எண்ணினாள்.

“தொடர்ந்து ஒன்பது வாரம் வெள்ளமா, மேடம்?”

“அந்த வருஷம் மழையே பெய்யலை, டீச்சர்.”

 குருவம்மாள் விரலை அந்தப் பக்கத்திலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

“இத்தனை வருஷத்தில் யாரும் கேட்கலையா?”

“நீங்கதான் முதல் ஆள்.”