உப்புக் காற்று படாத ஓவியம்

முன்னொரு சமயம் ஒரு வேன் நிறைய ஓவியங்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. பள்ளிக்கூடம், நூலகம், கல்யாண மண்டபம் என்று இடம் கிடைத்த இடத்தில் மடக்குத் தட்டிகளை விரித்து ஓவியங்களை மாட்டுவார்கள். சனம் வந்து பார்க்கும். சில நாள் கழித்து மூட்டை கட்டிக் கிளம்பிவிடுவார்கள்.

அவற்றில் ஓர் ஓவியத்துக்கு மட்டும் எந்த ஊரிலும் மனசு ஒட்டவில்லை. வேதாரண்யத்து உப்பளத்தில் ஒரு பெண் உப்பு வாருகிற ஓவியம் அது. அவள் பெயர் வேதாமிர்தம். வரைந்தவர் அவளிடம், இது ஒருநாள் உங்க ஊருக்கே வரும், அப்போது வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் மறந்துபோனார். கேட்டுக்கொண்டிருந்த ஓவியத்துக்கு அது அப்படியே நெஞ்சில் தங்கிவிட்டது.

வேன் எங்கெங்கோ போனது. வேதாரண்யம் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. உப்புக் காற்று பட்டால் ஓவியங்கள் கெட்டுப்போகுமாம். உப்பளத்து வரப்பில் வைத்து வரைந்து, உப்புக் காற்றிலேயே காயவைத்த ஓவியத்துக்கும் சேர்த்து மேலிடத்தில் இப்படி ஒரு விதி போட்டிருந்தார்கள். படித்தவர்கள் போட்ட விதி, யார் போய்க் கேட்பது?

இதற்கிடையில் கண்காட்சி இணையத்திலும் ஏறியது. ஒவ்வோர் ஓவியத்துக்கும் ஒரு பிம்பம் பிறந்தது. கண்காட்சி வாசலில் வைத்த தொடுதிரையிலும் அது இருக்கும், உலகத்துக் கைபேசிகளிலும் இருக்கும். உப்பளத்து ஓவியத்தின் பிம்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. துபாய்க்குப் போனேன், டொராண்டோவுக்குப் போனேன் என்று அளந்துகொண்டே இருந்தது.

"வேதாரண்யத்துக்குப் போனாயா?" என்றது ஓவியம்.

"போனாலும் யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதே. எனக்குக் கண் கிடையாது. விரல் படுவது மட்டும்தான் தெரியும்."

எங்கும் போக முடிந்த ஒன்றுக்குக் கண் இல்லை. கண் உள்ள தன்னால் போக முடியவில்லை. ஓவியம் அதை நினைத்து நினைத்து ஏங்கியது.

திருவாரூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தட்டிகளை விரித்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. இதுதான் கடைசிச் சுற்று. எல்லோரும் இணையத்திலேயே பார்த்துக்கொள்கிறார்கள், இனி வேன் எதற்கு என்று முடிவாகிவிட்டது. ஓவியங்களைச் சென்னையில் ஓர் அறையில் வைத்துப் பூட்டப்போகிறார்கள். ஓவியத்துக்கு உயிரே போய்விட்டது. இனி அவள் தன்னைப் பார்க்கவே மாட்டாள்.

அன்று சாயங்காலம் பிம்பம் வழக்கமான குதிப்பு இல்லாமல் பேசியது.

"வேதாரண்யத்தில் என்னைத் திறந்தார்கள். முதலில் ஏதோ வந்து உரசியது. விரல் என்றே எனக்குப் புரியவில்லை, அவ்வளவு காய்ந்து வெடித்திருந்தது. அப்புறம் ஒரு மெல்லிய விரல் வந்து உதவியது."

"முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாளா?"

"இல்லை. வலது பக்கத்து மேல் மூலையை. பெரிதாக்கப் பெரிதாக்க நான் கட்டம் கட்டமாக உடைந்துபோனேன். விட்டுவிட்டு மறுபடி மறுபடி அங்கேயே வந்தார்கள். கொடுப்பதற்கு என்னிடம் அதற்குமேல் ஒன்றும் இல்லை."

அந்த மூலையில் என்ன இருக்கிறது? தூரத்தில் நாலு தூரிகைத் தீற்றல். உரசியது வேதாமிர்தத்தின் விரல்தான் என்பதில் மட்டும் ஓவியத்துக்குச் சந்தேகமே இல்லை. காலங்காலமாக உப்பு தின்ற விரல் வேறு எப்படி இருக்கும்?

கடைசி நாள். வேன் ஓட்டுவதோடு காவலும் பார்க்கிற பக்கிரிசாமி, ஒரு பக்கத்து ஓவியங்களைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் ஒரு பெண்ணும் அவள் மகளும் பேருந்தில் வந்த களைப்போடு உள்ளே நுழைந்தார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

தலை நரைத்திருந்தது, உடம்பு ஒடுங்கியிருந்தது. இருந்தாலும் ஓவியத்துக்குத் தெரியாதா? வந்துவிட்டாள். அது அவள் பார்வைக்காகக் காத்திருந்தது.

ஓவியத்துக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றை அவள் தாண்டப் போனாள். பக்கிரிசாமி தடுத்தார்.

"பக்கத்துல போவக் கூடாதும்மா."

மகள்தான் பதில் சொன்னாள். "அதுல தூரத்துல ஒரு ஆளு நிக்கிறாருல்லண்ணே, அது அப்பான்னு அம்மா சொல்லுது. அவரு போயி சேந்துட்டாரு. வச்சிருந்த ஒரே போட்டோவும் புயல்ல போயிடுச்சு. போன்ல பெருசு பண்ணா ஒண்ணுமே தெரியமாட்டங்குது."

பக்கிரிசாமி ஓவியத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்துவிட்டு, கழற்றிய ஓவியங்களைத் துடைக்கப் போய்விட்டார்.

வேதாமிர்தம் கிட்டே வந்தாள். உப்பு வாருகிற தன் இளவயது முகத்தை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் ஓவியம் ஏங்கியது அந்த ஒரு பார்வைக்காகத்தான். அவள் நேரே மூலைக்குப் போனாள். அங்கே தூரத்து வரப்பில், சுமை தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சாய்ந்த தோளோடு, ஓர் ஆள் நின்றிருந்தான். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஏங்க, இத்தன நாளா இங்கதான் நிக்கிறீங்களா?"

தன்னையும் ஒருமுறை பார்க்கச் சொல்ல ஓவியத்துக்கு மனசு வரவில்லை. அந்த ஆள் திரும்பி அவளைப் பார்ப்பதற்குள் தன்னைக் கழற்றிவிடக் கூடாதே என்றுதான் அது தவித்தது.