சொன்ன பேச்சு கேட்காத அம்பு

"அம்மா, நான் வலது பக்கம் இழுத்தா அது மேல போகுது. கையை எடுத்துட்டா தானா நடக்குது. எனக்குத் தகுதி இல்லேன்னு சொல்லுதா?"

கேட்டவர் கோதண்டம். மின்வாரியத்தில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஆசிரமத்தோடு வந்து தங்கிவிட்டவர். எது போகுது, எங்கே நடக்குது என்று ஒன்றுமே சொல்லாமல் இப்படி மொட்டையாகக் கேட்டால் யாருக்குத்தான் புரியும்?

வடிவாம்பாள் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கோதண்டத்துக்கு மகள் வயசுதான் இருக்கும். ஆனாலும் கோதண்டம் உட்பட அங்கே எல்லாருக்கும் அவர்தான் அம்மா, குரு, எல்லாமே.

"எது, கம்ப்யூட்டரா?"

"மவுஸும்மா. திரையில ஓடுற அம்பு என் பேச்சையே கேக்க மாட்டேங்குது."

விஷயம் இதுதான். அம்மாவின் பேச்சுகளையெல்லாம் போனில் பிடித்துவைத்து, கேட்டுக் கேட்டு டைப் அடித்து, புத்தகமாகக் கோத்திருந்தார் மனிதர். ஆண்டு விழாவுக்கு அது கையில் இருக்க வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் வேறு வேலையை மிஷினில் ஏற்றிவிடுவேன் என்று அச்சகத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். பாக்கி இருந்தது கடைசித் திருத்தம் மட்டும்தான். அதற்குள் இந்தக் கூத்து.

ஆயுத பூஜை முடிந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டது. அம்பு ஓர் இடத்தில் நிற்கவில்லை. வெட்டுக்கிளி மாதிரி தாவியது. ஒரு சொல்லைத் திருத்தப் போனால் பக்கத்தையே மூடிவிட்டு மூலையில் போய் ஒண்டிக்கொண்டது.

கோதண்டம் சும்மா இருக்கவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். மவுஸுக்கு அடியில் அட்டை வைத்தார்; அட்டையை எடுத்துவிட்டுத் துண்டை மடித்து வைத்தார். வைரஸ் இருக்கிறதா என்று தேடவிட்டார். ஒன்றும் இல்லை என்றது. மேஜையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பிப் போட்டார். கடைசியில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தும் பார்த்தார். எதற்கும் மசியவில்லை.

மண்டை குழம்பிப்போயிற்று. புத்தகம் வர வேண்டாம் என்று அம்மாவே நினைக்கிறாரோ? தன் கை பட்டது பிடிக்கவில்லையோ? அப்படியானால் இங்கே கிடந்து என்ன பிரயோஜனம்? வேட்டி சட்டையைப் பையில் திணித்து, ஊருக்குக் கிளம்பத் தயாராக வைத்துவிட்டுத்தான் கேட்கவே வந்திருந்தார்.

"என் மனசுல என்னம்மா கோணல்?"

"மனசு இருக்கட்டும். மவுஸைக் காட்டுங்க."

அம்மா கையைக் கழுவிக்கொண்டு அறைக்கு வந்தார். மவுஸை எடுத்துக் கவிழ்த்தார்.

அடியில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதன்மேல் குங்குமம். சிவப்பு வெளிச்சம் வருகிற ஓட்டையைப் பாதிக்குமேல் அடைத்துக்கொண்டிருந்தது.

"யார் வச்சது?"

தான்தான் என்றார் கோதண்டம். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர், கீபோர்டு, பிரிண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாராம். மவுஸுக்கு முதுகில் வைத்தால் கை பட்டு அழிந்துவிடுமே என்று கவிழ்த்துப் பார்த்தாராம். அடியில் கண் மாதிரி ஒன்று சிவப்பாக மினுங்கியதாம். அதை விட்டுவிட்டு வேறு எங்கே வைப்பது?

அதற்கப்புறம் எத்தனையோ தடவை அதைக் கவிழ்த்துப் பார்த்தவர்தான். பார்த்தபோதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்ப வைத்தாரே ஒழிய, சுரண்டிப் பார்க்கத் தோன்றவில்லை. நல்ல ஆள்தான் போங்கள்.

"அது பாக்குற இடம், ஐயா," என்றார் அம்மா.

நகத்தால் சுரண்டி, முந்தானை நுனியால் துடைத்தார். ஒட்டிக்கொண்டிருந்த துகளை ஊதிவிட்டு மேஜைமேல் வைத்தார்.

கோதண்டம் மவுஸை இழுத்துப் பார்த்தார். வலது என்றால் வலது. நில் என்றால் நின்றது.

உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவருக்கு. கூடவே வெட்கமும் வந்தது, இவ்வளவுதானா என்று. ஆனால் குழப்பம் மட்டும் போகவில்லை. அப்படியென்றால் மனசில் கோணல் இல்லையா? இங்கேயே இருக்கலாமா, கிளம்ப வேண்டுமா? அம்மா வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நிமிர்ந்தார்.

அம்மா திரையைப் படித்துக்கொண்டிருந்தார்.

திருத்தம் பாதியில் நின்றுபோன பக்கம் அது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண் கொட்டுகிற மழையில் ஆசிரமத்துக்கு வந்து, என் பிள்ளை எங்கே போனான் என்று கேட்ட கதை. அதற்குக் கீழே இப்படி இருந்தது: 'ஆன்மாவுக்கு அழிவில்லை மகளே, உன் மைந்தன் பேரொளியில் கலந்துவிட்டான் என்று அன்னை திருவாய் மலர்ந்தருளினார்.'

"இது நான் சொன்னதா?"

அன்றைக்கு அம்மா சொன்னது, எனக்குத் தெரியலையேம்மா என்பது மட்டும்தான். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, பொழுது சாயும்வரை கூடவே உட்கார்ந்து அழுதார். கோதண்டமும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ஆனால் அதை அப்படியே போட்டால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இவ்வளவு பெரிய ஞானிக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்க மாட்டார்களா? இந்தப் பக்கம் மட்டுமா? தெரியாது என்று அம்மா சொன்ன இடத்திலெல்லாம் அவர் கைவரிசை இருந்தது.

ஒரு மரியாதைக்குத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார். கைக்குள் இருந்த மவுஸைப் பார்த்தார். அந்தப் பொட்டும் மரியாதைக்கு வைத்ததுதான்.

போன் அடித்தது. அச்சகத்துக்காரர். கோதண்டம் எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணு இதை வாங்கிப் படிப்பா," என்றார் அம்மா. "அன்னைக்குத் தன்கூட உக்காந்து அழுதவ எங்கேன்னு இதுல தேடுவாளே, ஐயா."